மனுசியின் கையெழுத்து

— இஞ்சை தாட்சா, இந்தப் பக்கத்தில நீ ஒரு கையெழுத்து வைக்கவேணும். கட்டின மனுசிக்கெண்டு தனியா ஒரு பெட்டி விட்டிருக்கிறாங்கள்.

— 'சண்முகலிங்கத்துக்குத் துவக்கு லைசன்ஸ்.' வாசிக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு.

— மான் வேட்டைக்குத்தானே கேக்கிறன். பதினாலு வருசமா அந்த மட்டைப்பெட்டி ஃபக்டரியில நிக்கிறன். நவம்பர் வந்தா லூக்கும் ஆக்களும் காட்டுக்குப் போவினம், வந்து ஒரு மாசம் அதைக் கதைப்பினம், நான் கேட்டுக்கொண்டு சோறு தின்னுவன். இந்த முறைதான் 'நீயும் வா' எண்டவங்கள்.

— போங்கோவன். துவக்கில்லாமல் போய் இறைச்சியை வெட்டிக் குடுங்கோ.

— பகிடி விடாதை.

— பகிடி விடவும் எனக்குச் சத்தில்லை. விடியப்புறம் ஆறு மணியில இருந்து கார்டெரியில ஊரார் பிள்ளையளைப் பாத்து, தூக்கி இறக்கிப்போட்டு இப்பதான் வாறன்.

— நான் மட்டும்? ரெண்டு சனிக்கிழமை வகுப்பில குந்தியிருந்து, பிரெஞ்சில சோதனை பாஸ் பண்ணினனான். சட்டம் தெளிவு, விளங்குதோ? கைத்துவக்கு இப்ப சாதாரண ஆக்கள் ஒருத்தரும் புதுசா வாங்கேலாது. இது நீளத் துவக்குக்கு. முதல் இந்த லைசன்ஸ். பேந்து துவக்கு வாங்கினா, கியூபெக்கில அதைத் தனியாப் பதியவேணும். காரில ஏத்தேக்க உள்ள ரவை இருக்கக்கூடாது. வீட்டில பூட்டித்தான் வைக்கலாம்.

— எங்க பூட்டி வைப்பீங்கள்?

— வினோஜாட அறை சும்மாத்தானே கிடக்கு.

— ஓம். பிள்ளை ஒட்டாவாவுக்குப் படிக்கப் போன நாள்ல இருந்து எல்லாம் சும்மாத்தான் கிடக்கு.

— திறப்பு ஒண்டு என்னட்ட, மற்றது உன்னட்ட.

— எனக்கு வேண்டாம்... இந்தக் கேள்வியளை ஆர் நிரப்பினது?

— உன்ர தம்பி ஜெனாட்தான். அவன்தானே ஊருக்கெல்லாம் போம் நிரப்புறவன்.

— எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போட்டிருக்கிறான்.

— வந்த நாள் தொடக்கம் எங்கட ஆக்கள் அப்பிடித்தானே. ஒரு 'ஓம்' போட்டா இன்னும் நாலு கேள்வி வரும் எண்டு அகதிப் போமிலயே படிச்சிட்டம்.

— ரெண்டு வருசத்துக்குள்ள வேலை போனதோ எண்டும் கேட்டிருக்கு. போன மாசியில உங்களை நிப்பாட்டினவங்கள்.

— திரும்பக் கூப்பிட்டவங்கள்தானே!

— நாலு மாசம் கழிச்சு. ஜன்னலடியில நிண்டு பனியைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். துவக்குப் போமில பொய் எழுதினா அதுவே குற்றம் எல்லே?

— ஓம், அதையும் வகுப்பில சொன்னவங்கள்தான். கொண்டா பேனையை. சரி, 'ஓம்'. விளக்கம் கேட்டாச் சொல்லுவம். இனி நீ வை.

— பேந்து வைக்கிறன்.

— பேந்து, பேந்து! மூண்டு நாளா இதைத்தான் சொல்லுறாய். நீ வைக்காட்டியும் அனுப்பலாம், தெரியுமோ? ஆனா லைசன்ஸ் குடுக்கிறவையே உனக்கு அறிவிப்பினம், உன்ர மனுசன் துவக்குக் கேக்கிறார், உனக்கேதும் பயமிருக்கோ எண்டு. எனக்கெல்லே வெக்கக்கேடு!

— நல்ல சட்டம்தான்.

— என்ன நல்ல சட்டம்? இருபத்திநாலு வருசத்தில ஒருக்கா உனக்குக் கை நீட்டியிருப்பனே?

— இல்லை.

— குடிச்சுப்போட்டு வந்து கத்தியிருப்பனே?

— ஹொக்கியில எங்கட ரீம் தோக்கேக்க ரீவியோட கத்துவீங்கள். என்னோட இல்லை.

— பேந்தென்ன தாட்சா? எனக்கும் களைச்சுப்போச்சு. என்னில பயமெண்டா வாய் திறந்து சொல்லு. இப்பவே கிழிச்சுப்போடுறன். லூக்கிட்ட ஏதாவது சாட்டுச் சொல்லிப்போட்டு, பழையபடி கேட்டுக்கொண்டு சோறு தின்னுறன்.

— உங்களில எனக்கு ஒரு பயமும் இல்லை.

— அப்ப ஏன்?

— இது முழுக்க உங்களைப் பற்றின கேள்வியள். நேற்றுப் பின்னேரம் நீங்கள் ஷிப்டுக்குப் போனாப்பிறகு, நான் அதுகளை எனக்கெண்டு நினைச்சு ஒண்டொண்டா வாசிச்சனான்.

— உனக்கென்னத்துக்கு அது?

— வீட்டில துவக்கு இருந்தா, பின்னேரம் முழுக்க அதோட தனிய இருக்கிறது நான்தானே. வேலை போனதோ? இல்லை. ஆரையும் அடிச்சதோ? இல்லை. பேந்து, சாகவேணும் எண்டு யோசிச்சதோ எண்டு ஒரு கேள்வி... இஞ்சாரப்பா, அதுக்கு என்னால 'இல்லை' எண்டு சொல்லேலாமல் போச்சு.