வாய் திறக்காத செவ்வாய்க்கிழமை

குண்டு விழுகிறது. இடப்பக்கம். இருநூறு கெஜம் இருக்கும்.

மண் எழும்புகிறது. மேலே நின்று யோசிப்பது போல ஒரு கணம். பிறகு தலையில் கொட்டுகிறது. காலை ஏழு பத்து. செவ்வாய்க்கிழமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து, செப்டம்பர். பஞ்சாப் எல்லை. கரும்புக் கொல்லை ஒன்றின் ஓரம்.

நான் பதுங்குகுழியில் இருக்கிறேன். காதில் டெலிபோன். வலது தாடை பூட்டிக்கொண்டிருக்கிறது. பற்களுக்கு நடுவே சுண்டுவிரல்கூட நுழையாது.

முன்னால் நாற்பது கெஜத்தில் சவரிமுத்து. அறுந்த டெலிபோன் ஒயரைத் தேடிக் குனிந்திருக்கிறான். முதுகு என் பக்கம்.

என் வேலை கேட்பது, சொல்வது, ஆபத்து வந்தால் கத்துவது. அதற்குத்தான் என்னை அந்தக் குழியில் வைத்திருந்தார்கள். என் வாய் ஏன் பூட்டிக்கொண்டது என்று சொல்ல எட்டு நாள் பின்னால் போக வேண்டும்.

என் பெயர் ஏழுமலை. ஊர் இரும்பைக்குப் பக்கம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். பட்டாளத்தில் சேர்ந்து ஆறு வருஷம். ஆகஸ்டு கடைசியில் லீவில் வந்திருந்தேன். வந்த மறுநாளே கடைவாயில் வலி. ஞானப்பல். பாதி வெளியே, பாதி ஈறுக்குள். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது.

திங்கட்கிழமை திண்டிவனம் போனேன். ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "பல்லு படுத்துக்கினு இருக்குது. ஈறுக்குக் கீழ சீழு. எடுத்துடணும்" என்றார்.

நர்ஸ் ரெஜினா ஒரு பழுப்பு நிறப் புட்டியைத் திறந்தார். ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீர் கலந்து, பீச்சாங்குழலில் ஏற்றி, ஈறுக்கு அடியில் பீச்சினார். சர்ரென்று சத்தம். வெள்ளை நுரை பொங்கியது, பருப்பு கொதித்து வழிகிற மாதிரி. நுரையோடு சீழும் வந்தது. நாற்றம் அடங்கியது. வலியும் பாதி இறங்கியது. அந்த நுரையின் மேல் எனக்கு அப்போதே ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது.

மரத்துப்போக ஊசி. பிறகு உளி. பிறகு குறடு. எலும்பு நொறுங்கும் சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. நாற்பது நிமிஷம். தட்டில் டக்கென்று விழுந்தது பல்.

ரெஜினா பஞ்சைக் கடிக்கக் கொடுத்தார். அதே மருந்தை ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் ஊற்றிக் கையில் கொடுத்தார். விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"இன்னிக்கி எதையும் கொப்புளிக்காதீங்க. குழியில ரத்தம் ஒறஞ்சி கட்டியா நிக்கும். அது நின்னாதான் புண்ணு ஆறும். மூணு நாளு உப்புத்தண்ணியே போதும், அதுவும் மெதுவா. அப்புறமும் நாத்தம் இருந்தா இதுல கொஞ்சம், ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி. வெறுமனே ஊத்திக்கினீங்கன்னா கட்டி கயண்டு வந்துடும். முழுங்கவும் கூடாது."

தலையாட்டினேன்.

மறுநாள் தந்தி வந்தது. லீவு ரத்து. உடனே வா.

டாக்டரிடம் ஓடினேன். ஒரு வாரம் படுக்கச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். சண்டை என்றதும் ஏழுமலை பல்வலி என்று படுத்துவிட்டான் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை நினைத்தே எனக்கு உடம்பு கூசியது.

புதன் மதியம் விழுப்புரம் ஜங்ஷன். பிளாட்பாரம் முழுக்கப் பச்சைப் பெட்டிகள். அழுகிற பெண்கள். ரயில் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. அங்கேதான் சவரிமுத்து ஏறினான். செஞ்சிக்குப் பக்கம் வல்லத்துக்காரன். எங்கள் பிரிவிலேயே ஒயர் இழுக்கிறவன். சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. அப்பா அம்மா கூலி வேலை. கல்யாணமாகிப் பத்து மாதம். மனைவி மரியபுஷ்பம் ஜன்னல் கம்பியை விடவில்லை. ரயில் நகர்ந்த பிறகும் கூடவே நடந்தாள்.

திண்டிவனம் தாண்டியது. வாயில் ரத்த ருசி. சீழ் திரும்ப வைத்துவிட்டதோ என்று பயம். ஊரை விட்டு எல்லைக்குப் போவதற்குள் ஆறிவிட வேண்டும். புட்டியை எடுத்தேன்.

"இன்னாண்ணா, வெறும் மருந்தா?" என்றான் சவரிமுத்து. "தண்ணி ஊத்திக்கோண்ணா. நர்ஸம்மா இன்னா சொன்னாங்க?"

"ஜல்திக்கு ஆறணும்டா. நுர வந்தா எல்லாம் போயிடும்."

"போவக்கூடாதது போயிடப் போவுது, பாத்துக்கோ."

நான் கேட்கவில்லை. அப்படியே வாயில் ஊற்றினேன். நாக்கு வெளுத்தது. நுரை மூக்கு வரை ஏறியது. வேகமாகக் கொப்பளித்து ஜன்னல் வழியே துப்பினேன். நுரைக்குள் கறுப்பாக, நாவல் பழத் தோல் போல ஏதோ ஒன்று போனது. இருவருமே பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை தொடங்கியது. இது வேறு வலி. குழிக்குள் எலும்பு வெறுமையாக நின்றது. காற்றுப் பட்டாலே காது வரை இழுத்தது. தாடை இறுகிப் பூட்டிக்கொண்டது. சோறு இல்லை. தூக்கம் இல்லை. மூன்று நாள் ரயிலில் சவரிமுத்துதான் என்னைப் பார்த்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடுவான். வெந்நீர் வாங்கி வருவான். உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுப்பான். திட்டிக்கொண்டே கொடுப்பான்.

சனிக்கிழமை பிரிவில் சேர்ந்தோம். முகாம் வைத்தியர் கிராம்பு எண்ணெயில் நனைத்த துணியைக் குழிக்குள் வைத்தார். வலி குறைந்தது. தாடை திறக்கவில்லை. பல்லுக்கிடையில் பேசினால் டெலிபோனில் புரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டார்கள். நானும் போதும் என்றேன்.

திரும்பவும் செவ்வாய். ஏழு பத்து.

டெலிபோன் அலறுகிறது. பின்னால் மேட்டிலிருந்து பார்க்கிறவன். "திரும்ப சுடுறான்! உங்க பக்கம்! படுங்க! படுங்க!"

எழுகிறேன். வாயைத் திறக்கப் பார்க்கிறேன். திறக்கவில்லை. விரலை விட்டு இழுக்கிறேன். ரத்தம் வருகிறது. குரல் வரவில்லை. தொண்டையிலிருந்து மாட்டின் முனகல் மாதிரி ஒன்றுதான் வருகிறது. இரண்டு கையையும் வீசுகிறேன். மண்ணை வாரி எறிகிறேன். அவன் ஒயரின் இரண்டு நுனியையும் பிடித்துவிட்டான். முறுக்குகிறான்.

தூரத்தில் டுப். டுப். டுப்.

மூன்று. எண்ணினேன். பிறகு விசில் சத்தம்.

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். "இன்னாண்ணா?" என்று கேட்டான். எனக்கு அது கேட்டது.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

விழித்தபோது பாதி மண்ணுக்குள் இருந்தேன். என் கையில் டெலிபோன். பக்கத்தில் டெலிபோன் பெட்டியில், அறுந்துபோயிருந்த முன்பக்க ஒயரின் விளக்கு எரிந்தது. இணைப்பு வந்திருந்தது. அவன் முறுக்கி முடித்திருந்தான்.

டிசம்பரில் வல்லம் போனேன். கன்னம் ஆறியிருந்தது. வாய் திறந்தது. மரியபுஷ்பம் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியை, ரயிலை, நுரையை, டெலிபோன் அலறியதிலிருந்து குண்டு விழுந்தது வரை. ஒன்றையும் மறைக்கவில்லை.

முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க கத்தியிருந்தா எங்க வூட்டு ஆளு படுத்திருக்குமா?"

"தெரியலம்மா."

"அது கையில வேல இருந்தா யாரு கூப்ட்டாலும் இருன்னு சொல்லும்." முறத்தில் ஒட்டியிருந்த கேப்பையைத் தட்டினாள். "ஆனா நீங்க கத்தியிருக்கணும்."

"ஆமாம்மா."

உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. வெயில் சாயும் வரை வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். அன்று காலை எங்கள் பிரிவில் பதினொரு பேர் இருந்தோம். மூன்று பேர் செத்தார்கள். சமையல் பார்த்த கன்னியப்பன். லாரி ஓட்டிய தாவூத். சவரிமுத்து. இரண்டு பேருக்குக் கால் போனது. எனக்கு இடது காது போனது. ஒரு லாரி, இரண்டு டெலிபோன் பெட்டி, எழுநூறு கெஜம் ஒயர்.

சவரிமுத்துவுக்கு இருபத்து மூன்று வயது.