அப்பாவுக்காக நான் பேசியது

எட்டு வயதிலிருந்து அப்பாவுக்காக நான்தான் ஆங்கிலம் பேசிவந்தேன். மின்சார அலுவலகம், வீட்டுச் சொந்தக்காரர், பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும். என் டீச்சர் என்மேல் சொன்ன புகாரைக்கூட நானே அப்பாவுக்கு ஸ்பானிஷில் சொன்னேன், பாராட்டாக மாற்றி. அவர் தொப்பியைக் கழற்றி டீச்சருக்கு நன்றி சொன்னார். ஸ்பானிஷ் பேசும் எல்லையோர ஊரான எங்கள் எடின்பர்க் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் இதைச் செய்து வளர்ந்தவர்கள்தான்.

அதனால் சான் அன்டோனியோ ஆஸ்பத்திரியில், மொழிபெயர்ப்பாளரைப் போனில் அழைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நம்ம குடும்ப விஷயத்தை எவளோ ஒருத்தி போன்ல கேக்கணுமா? எம் பொண்ணு இருக்கா, போதும்னு சொல்லு."

அதை மாற்றாமல் சொன்னேன்.

அப்பா பெயர் ஃபிடென்சியோ. எழுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் அடுத்தவர் வீடுகளுக்குக் கூரை போட்டவர். கணையத்தில் புற்றுநோய். எனக்கு ஐம்பத்திரண்டு, திருமணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் வாசலில், நான் சமையலறையில். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

சிகிச்சை தொடங்கியதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். காரில் அவர் பேச ஆரம்பித்தார்.

"எர்மீனியா, நீ ஓட்டுற வேகத்துக்கு ரோட்டோரம் போற அந்த ஆமை நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்."

"அப்போ ஆமை மேல ஏறிக்குங்கப்பா."

"ஏறுவேன். அது நடுவுல நிறுத்தி காபி குடிக்காது."

ஒருநாள், "ராத்திரி நல்லா தூங்குறியா?" என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மார்ச் மாதம் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். மருந்து வேலை செய்யவில்லை, இனி ஹாஸ்பிஸ் என்ற கடைசிக்காலப் பராமரிப்புதான் நல்லது என்றார். நர்ஸ் வீட்டுக்கே வருவார், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார், இத்தனை தூரம் வரவேண்டியதில்லை. வரவேண்டியதில்லை என்பதை ஆறுதலாக இரண்டு முறை சொன்னார்.

நான் அப்பாவிடம், "மருந்து கேக்குதாம். இன்னும் கொஞ்ச நாள் வரணுமாம்" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்தார். "முடியலன்னு சொல்லும்மா. வீட்லயே கிடந்து போயிடறேன். அவரு கோவப்படாத மாதிரி சொல்லு, நல்ல மனுஷன்."

நான் டாக்டரிடம், "கடைசி வரைக்கும் போராடுறேன்னு சொல்றாரு" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு நான்கு முறை போனோம். ஒவ்வொரு முறையும் டாக்டர் ஹாஸ்பிஸ் என்றார். ஒவ்வொரு முறையும் நான் அப்பாவைப் போராட வைத்தேன். அவர் நாக்கெல்லாம் புண். தண்ணீர் இறங்காது. திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டுவேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார், நான் முதுகைத் தடவுவேன். பேச்சு குறைந்துவிட்டது என்பது உண்மைதான். முனகுவார். அதுவும் பேச்சுதானே, நான் பதில் சொல்லிக்கொண்டு வருவேன்.

ஹூஸ்டனிலிருந்து அண்ணன் எவாரிஸ்டோ போன் செய்வான். "என்னடி சொல்றாரு டாக்டர்?"

"அப்பா விடமாட்டேங்கிறாருண்ணா."

"கெழவன் இரும்புடி" என்பான், பெருமையாக. இப்போது ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான், என்னை விசாரிக்கும் அதிகாரியான உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறான்.

கடைசி முறை அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, அவரே ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஹோம், ப்ளீஸ்."

அவரிடம் இருந்தது அவ்வளவுதான். டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் சிரித்தேன். "மருந்து ஏத்தி முடிச்சதும் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்னு கேக்குறாரு."

நான் சொன்னது அப்பாவுக்குப் புரிந்ததா, தெரியவில்லை. சிரிப்பு புரிந்திருக்கும். கையை விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் பின்சீட்டில், வலியில் கதவை உதைத்துக்கொண்டே இறந்தார். உதை நின்ற பிறகும் நான் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

நான் சொன்னது பொய். அவர் கேட்ட சாவை அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் ஏன் அப்படித் தவித்தார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் யார் இருந்தார்கள்? நான் மட்டும்தான். காரிலும் நான் இருந்தேனே.