இன்னைக்குத் தண்ணி விழுதா?

ஜைனப்: அதெல்லாம் வேண்டாம்னா அப்புறம் எதப் பத்திதான் எழுதப் போறீங்க அண்ணாச்சி?

பால்வண்ணநாதன்: பொறும்மா... அந்த லிஸ்ட்ட இன்னொரு மட்டம் வாசி.

ஜைனப்: மூணாவது தடவ வாசிக்கேன். இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், சர்க்கரை வியாதி, முடி கொட்டுதது, புது செல்போன்...

பால்வண்ணநாதன்: முடி கொட்டுததப் பத்தி நான் எழுதுனா எவன் நம்புவான்? என் தலையப் பாரு.

ஜைனப்: உங்க போட்டோவப் போட வேண்டாம்லா!

பால்வண்ணநாதன்: சிரிக்காத. நெசமாத்தான் கேக்கேன். வெப்சைட்டு போட்டா லாபம் வருமா, வராதா?

ஜைனப்: வரும். ஆனா எதப் பத்தி எழுதுதீங்கங்கதுலதான் எல்லாம் இருக்கு. நெறய பேரு தேடணும், கொஞ்சம் பேருதான் எழுதியிருக்கணும், விளம்பரம் கொடுக்கவும் ஆளு இருக்கணும். அதுக்குத்தான் இந்த லிஸ்ட்டு. தென்காசியில எத்தன கடைக்கு வெப்சைட்டு போட்டுக் கொடுத்திருக்கேன், ஒருத்தரும் உங்கள மாதிரி இழுக்கல.

பால்வண்ணநாதன்: இப்போ... ஊர விட்டுப் போனவங்க இருக்காங்கள்லா, அவங்க போன்ல என்னத்தத் தேடுவாங்க?

ஜைனப்: ஊர விட்டுன்னா? துபாயி, சிங்கப்பூரா?

பால்வண்ணநாதன்: சே, அவ்வளவு தூரம் எதுக்கு? சும்மா... பக்கத்துலதான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம்னு வையேன்.

ஜைனப்: கேரளாவா? ஆம்பளையா, பொம்பளையா?

பால்வண்ணநாதன்: பொம்பள.

ஜைனப்: வயசு?

பால்வண்ணநாதன்: முப்பத்தொண்ணு... முப்பது, முப்பத்தஞ்சுன்னு எழுதிக்கோ.

ஜைனப்: அப்பிடின்னா கொழந்த வளர்ப்பு. நல்லா ஓடும். பாலு, டயப்பரு, தடுப்பூசின்னு விளம்பரம் குவியும்.

பால்வண்ணநாதன்: கொழந்த இருக்கா இல்லியான்னு தெரியாதே.

ஜைனப்: யாருக்கு?

பால்வண்ணநாதன்: படிக்கவங்களுக்கும்மா... பொதுவாச் சொன்னேன்.

ஜைனப்: சரி, அத விடுங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது எது?

பால்வண்ணநாதன்: எனக்கா? ஐந்தருவி ரோட்டுல லாட்ஜ் மேனேஜரா முப்பத்தோரு வருஷம். போன எடுத்தா ஒரே கேள்விதான். மெட்ராஸ்காரன் கேப்பான், மதுரக்காரன் கேப்பான், ரூமு வாடக எவ்வளவுன்னு அப்புறந்தான் கேப்பான். மொதல்ல... "அண்ணாச்சி, தண்ணி விழுதா?"

ஜைனப்: ஏ... அண்ணாச்சி!

பால்வண்ணநாதன்: என்ன, கத்துத?

ஜைனப்: இதத்தான தேடிக்கிட்டு இருக்கோம்! சீசன்ல லட்சம் பேரு இதத்தான் போன்ல தட்டுதாங்க. தெனம் ஒருத்தரு போயிப் பாத்து உள்ளத உள்ளபடி எழுதுனா... லாட்ஜ், ஓட்டலு, வண்டி வாடக, எண்ணெய்க் கட, எல்லாரும் விளம்பரத்துக்கு வருவாங்க.

பால்வண்ணநாதன்: அங்கனயே பொறந்து வளந்த பிள்ளைக கூடத் தேடுமோ? ஊர விட்டுப் போன பெறவு?

ஜைனப்: தேடாமலா? சாரல் அடிக்கா, தண்ணி விழுதான்னு கேக்காம இந்த ஊருக்காரங்களால இருக்க முடியுமா?

பால்வண்ணநாதன்: அப்பிடின்னா இதையே போடு. வருஷம் பூரா.

ஜைனப்: சீசனுக்கு மட்டும் போதும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு. அப்புறம் ஐப்பசி மழைக்குக் கொஞ்சம்.

பால்வண்ணநாதன்: தண்ணி இல்லாத நாளும் எழுதணும்.

ஜைனப்: தண்ணி இல்லன்னு எழுதுனா யாரு படிப்பா?

பால்வண்ணநாதன்: யாராவது படிப்பாங்க. நீ போடும்மா. மெயிலு கியிலு வந்தா நீயே பாத்துக்கோ, எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது.

*

ஜைனப்: அண்ணாச்சி, வாங்க, வாங்க! நேத்து ஒரு நாள்ல பதினெட்டாயிரம் பேரு! கட தொறந்ததுல இருந்து இப்பிடி ஒரு சைட்ட நான் பாத்ததில்ல.

பால்வண்ணநாதன்: நேத்து வெள்ளம்லா. பேரருவியில அந்தப் பாதுகாப்பு ஆர்ச்சையும் தாண்டி விழுந்துச்சு. குளிக்க விடல. வெள்ளனே போயி நின்னேன், சட்டயெல்லாம் நனஞ்சு போச்சு.

ஜைனப்: படிச்சேன். "ஐந்தருவியில அஞ்சு கிளையும் ஒண்ணாச் சேந்து ஒரே அருவியா விழுது, சத்தம் லாட்ஜ் வாசல் வரைக்கும் கேக்கு"ன்னு எழுதியிருந்தீங்க. எங்க உம்மா சைதூன் பீவி, தமிழ்ப் பத்திரிகையக் கூடத் தொட மாட்டா. அவ உக்காந்து வாசிக்கா!

பால்வண்ணநாதன்: வாசிக்காவளா?... சரி, இந்தப் பதினெட்டாயிரத்துல எந்தெந்த ஊருன்னு தெரியுமா?

ஜைனப்: தெரியும். ஆனா அதுக்கு முன்ன, ரெண்டு லாட்ஜ்காரங்க விளம்பரத்துக்கு...

பால்வண்ணநாதன்: அது கெடக்கட்டும். ஊரச் சொல்லு.

ஜைனப்: சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம், கொல்லம்...

பால்வண்ணநாதன்: சின்ன ஊரெல்லாம் காட்டாதோ?

ஜைனப்: காட்டும். சங்கரன்கோவில், கீழப்பாவூர்...

பால்வண்ணநாதன்: அந்தப் பக்கம்... புனலூர் மாதிரி?

ஜைனப்: புனலூரா... இருங்க. இருக்கு. ஒருத்தர்.

பால்வண்ணநாதன்: ஒருத்தரா?

ஜைனப்: ஒரே ஒருத்தர். ஆனா தெனமும் வாராரு. காலையில ஆறே முக்காலுக்கு.

பால்வண்ணநாதன்: நான் ஆறரைக்குத்தான போடுதேன்.

ஜைனப்: ஆமா... அண்ணாச்சி, ஏன் முகம் இப்பிடி ஆயிட்டு? தண்ணி வேணுமா?

பால்வண்ணநாதன்: வேண்டாம். அது சரியாத்தான் காட்டும், என்ன?

ஜைனப்: முன்னப்பின்ன இருக்கும். போன் டவரப் பொறுத்தது. பக்கத்து ஊரக்கூட புனலூர்னு காட்டலாம்.

பால்வண்ணநாதன்: இருந்தா இருக்கட்டும்... புனலூர்னே வச்சிக்குவோம்.

ஜைனப்: விளம்பரக் கதயப் பேசுவமா இப்போ?

பால்வண்ணநாதன்: நீயே பாத்து முடிச்சிக்கோ. நாளைலேருந்து ஆறு மணிக்கே போட்டுருதேன். வேலைக்குப் போற ஆளா இருந்தா அவசரமா இருக்கும்லா.

*

ஜைனப்: "இன்று ஐந்தருவியில் தண்ணீர் இல்லை. பாறை காய்ந்து கிடக்கிறது. குரங்குகள் மட்டும் இருக்கின்றன." மாசி மாசம் பூரா இதே மூணு வரியா, அண்ணாச்சி?

பால்வண்ணநாதன்: இல்லாதத இல்லன்னுதான எழுத முடியும்?

ஜைனப்: விளம்பரக்காரங்க எல்லாரும் போயிட்டாங்க. பதினெட்டாயிரம் பேரு வந்த சைட்டு, இப்போ மூணு நாளா ஒரே ஒரு ஆளு. வேற டாபிக் ஏதாவது சேப்போம். அந்தச் சர்க்கரை வியாதியாவது...

பால்வண்ணநாதன்: ஒரு ஆளு வாராருல்லா. போதும். இப்போ நான் வந்தது வேற விஷயம். நாளைக்குக் கண்ணு ஆபரேஷன். பத்து நாளைக்கு வெயில்ல போகப்படாதுன்னுட்டாங்க. அத போன வாரமே சைட்டுல எழுதிப் போட்டுட்டேன். இருந்தாலும்... அந்தப் பத்து நாளும் நீ போயிப் பாத்து எழுத முடியுமா?

ஜைனப்: காஞ்ச பாறையப் பாக்கதுக்கு நான் ஸ்கூட்டி எடுத்துக்கிட்டு ஐந்தருவி போணுமா?

பால்வண்ணநாதன்: பெட்ரோலுக்கு நான் தாரேன்.

ஜைனப்: பெட்ரோல விடுங்க. புனலூர்ல யாரு அண்ணாச்சி இருக்கா? சைட்டு போட்ட பெறவு பத்து மாசமா எங்கிட்ட லாபத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல நீங்க. வந்த ஒடனே புனலூர் வந்தாச்சான்னுதான் கேக்கீங்க.

பால்வண்ணநாதன்: எம் மக. உமாதேவி.

ஜைனப்: ம்.

பால்வண்ணநாதன்: எட்டு வருஷமாச்சு. அந்த ஊர்ப் பையன் ஒருத்தனக் கட்டிக்கிட்டா. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா, ஓடிலாம் போகல. நான்தான் பேச்ச விட்டுட்டேன்.

ஜைனப்: சண்டையா?

பால்வண்ணநாதன்: சண்ட போட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்மா... நாலு வருஷத்துக்கு முன்ன அவ அம்ம போய்ச் சேந்துட்டா. நான் சொல்லி அனுப்பல.

ஜைனப்: அல்லா... அம்மா செத்ததுக்கா?

பால்வண்ணநாதன்: பக்கத்து வீட்டு நல்லதம்பி கேட்டான். "அண்ணாச்சி, பிள்ளைக்கு நான் ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா"ன்னு. வேண்டாம்னுட்டேன். பொணத்த நடுவீட்டுல வச்சிக்கிட்டு வேண்டாம்னுட்டேன்... இப்பவும் அவன் எதுக்க வந்தா நான் தலையத் தூக்குததில்ல.

ஜைனப்: அப்புறம் அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?

பால்வண்ணநாதன்: பதினாறு கழிஞ்ச பெறவு யாரோ சொல்லி ஓடி வந்தா. பூட்டுன கதவுக்கு முன்னால ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டுப் போனா.

ஜைனப்: நீங்க எங்க போயிருந்தீங்க?

பால்வண்ணநாதன்: உள்ளதான் இருந்தேன். உள்பக்கமா பூட்டியிருந்தேன். அவ அழுதது கேட்டுச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தொறக்க?

ஜைனப்: அட்ரஸ் தெரியாதா? நேராப் போயிருக்கலாம்லா.

பால்வண்ணநாதன்: எங்கிட்ட இருக்கு. மூணு தடவ செங்கோட்டையில வண்டியேறிப் போனேன். புனலூர்ல எறங்குவேன். ஸ்டேஷன் பெஞ்சுல உக்காருவேன். வெளிய நாலு தப்படி வைக்க முடியாது... அடுத்த வண்டி வந்ததும் ஏறி வந்துருவேன். போயி என்னத்தச் சொல்ல? மன்னிச்சிருன்னா? அது ஒரு வார்த்தையில அடங்குத காரியமா? இதுன்னா... தண்ணி விழுது, விழலன்னு சொல்லிட்டுப் போயிரலாம். கீழ எம் பேரு இருக்கு, அவ படிச்சான்னா, அப்பன் இருக்கான்னு தெரியும். நடந்து போயி அருவியப் பாக்க அளவுக்குத் தெம்பா இருக்கான்னு தெரியும்.

ஜைனப்: எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? லாபம் வேணும், லாபம் வேணும்னு லிஸ்ட்டு கேட்டீங்களே!

பால்வண்ணநாதன்: சும்மா எழுதணும்னா ஏன், எதுக்குன்னு கேப்ப. காசுக்குன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சரி, பொழுதாவுது. இன்னைக்குப் புனலூர் வந்தாச்சா?

ஜைனப்: இல்ல அண்ணாச்சி.

பால்வண்ணநாதன்: ஆறே முக்கால் எப்பமே தாண்டிட்டே. நேத்து?

ஜைனப்: நேத்தும் இல்ல. மூணு நாளா புனலூர்ல இருந்து யாரும் படிக்கல.

பால்வண்ணநாதன்: ஒரு ஆளு படிக்கான்னியே...

ஜைனப்: அது வேற ஊரு.

பால்வண்ணநாதன்: ஓ... பத்து நாளைக்கு எழுத மாட்டேன்னு போட்டேன்லா. அதோட விட்டுட்டா போலுக்கு. இல்லன்னா அது அவளாவே இருந்திருக்காது. எவனோ ஒருத்தன் வேலவெட்டி இல்லாம பாத்திருப்பான். நீ அன்னைக்கே சொன்ன, முன்னப்பின்ன இருக்கும்னு. நான்தான்...

ஜைனப்: அண்ணாச்சி, உக்காருங்க.

பால்வண்ணநாதன்: இல்லம்மா, கெளம்புதேன். அந்தப் பத்து நாளு எழுதுததும் வேண்டாம். மெனக்கெடாத. சைட்ட மூடணும்னாலும் மூடிரு.

ஜைனப்: உக்காருங்கன்னா உக்காருங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்ககூட யாரு வாரா?

பால்வண்ணநாதன்: யாரு வரணும்? ஆட்டோவுல போவேன், ஆட்டோவுல வருவேன். கண்ணக் கட்டிட்டாங்கன்னா ஆட்டோக்காரன் கையப் பிடிச்சு வீட்டுல விடமாட்டானா... நீ ஏன் அழுத? எனக்கு ஒண்ணுமில்லம்மா. சின்ன ஆபரேஷன்.

ஜைனப்: போன வாரம் சைட்டுக்கு ஒரு மெயில் வந்துச்சு அண்ணாச்சி. "ஆபரேஷனுக்கு அப்பாகூட யாரு இருக்கா"ன்னு ஒரே ஒரு வரி. உமாதேவி மூணு நாளா எங்க வீட்டுலதான் இருக்கா, அங்கன இருந்துதான் படிக்கா. "அப்பாவா வாயத் தொறந்து எல்லாத்தையும் சொன்னாத்தான் நான் வந்திருக்கத நீ சொல்லணும்"னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இப்போ சொல்லிட்டீங்க... நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்னு கேட்டுட்டு வரச் சொன்னா.