கடதாசி ஒட்டிய கதவு

பெட்டிக்குள் அடைக்கிற தேங்காய்த் தும்பு காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது, ஐயா. கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை செய்கிறவனின் உள்ளங்கை தடித்தது, ஈரம் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு இது வேண்டாத பேச்சாகப் படலாம். ஆனால் கணபதி கிளாக்கர் செத்ததை விளங்கிக்கொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் லாபிர். கண்டியில் பெட்டி அடிக்கிற பாஸ், மரவேலைக்காரன். தேயிலைப் பெட்டி அல்ல, அதை யாரும் அடிப்பார்கள். உடையக்கூடிய சாமான்களைத் தூர தேசத்துக்கு அனுப்புகிற பெட்டி. முப்பது வருடத்தில் நான் கட்டி அனுப்பிய எதிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள்.

அம்பிட்டியவில் எங்கள் துரை பழம்பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் சிறிய நூதனசாலை உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னர் அதிலிருந்து பதினொரு பொருட்களை லண்டன், பாரிஸ், பெர்லின் கண்காட்சிகளுக்கு இரவல் கேட்டார்கள். அவற்றுள் பெரியது வர்ணம் தீட்டிய பழைய மரப்பேழை. அதற்கு வெளியே பலகை, உள்ளே துத்தநாகத் தகடு வைத்துப் பெட்டி செய்தேன். தும்பை நெருக்கி அடைத்து, மூடி, தகட்டின் விளிம்பை ஈயம் உருக்கி ஒட்டிவிட்டால் கடற்காற்று உள்ளே போகாது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரவும் மாட்டாது. அதனால்தான் தும்பைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கிழமை ஐந்து நாள் விடாத மழை. கப்பல் திகதியையும் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அது பிழை அல்ல. மழை.

போன மாதம் எல்லாம் திரும்பி வந்தன. ரயிலடியிலிருந்து பன்விலப் பக்கத்து இராமையா மாட்டுக் கரத்தையில் ஏற்றிவந்து நூதனசாலையின் பின்னறையில் இறக்கினான். திரும்பி வந்த பெட்டியை உடனே பிரிக்கக் கூடாது. குளிர் தேசத்தில் கிடந்த மரம் நம்முடைய காற்றை மெல்ல மெல்லத்தான் குடிக்க வேண்டும். அப்போது பலகைகள் டொக், டொக்கென்று சத்தம் போடும். இதையெல்லாம் இராமையாவுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் மூடிகளைக் கழற்றி, மரத்தில் வண்டு வந்திருந்தால் சாவதற்கு மருந்து வைக்க வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். ஆகவே மருந்துத் தட்டங்களை அலுமாரிகளின் உச்சியில் வைப்போம். சன்னலுக்குத் தகடு அடித்திருக்கும். கதவை வெளியே கொண்டி போட்டு, நான்கு பக்க இடுக்கிலும் கடதாசி ஒட்டுவோம். பிறகு நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குத் திறக்கக் கூடாது.

அன்று காலை மூடிகளைக் கழற்றியபோது பேழையின் பக்கத்தில் ஒரு கடித உறை இருந்தது. கணபதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. துரையின் எழுத்து வேலையெல்லாம் அவரிடம்தான். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் அவரே வாசித்துத் தமிழில் சொன்னார். லண்டனில் பெட்டியைத் திறந்தவர்கள் எழுதியது. பேழையில் பூஞ்சணம், ஒரு பக்கத்து வர்ணம் உதிர்ந்துவிட்டது, அடைத்த தும்பு ஈரம், கட்டியவரின் கவனக்குறைவு. இப்படி நாலு வரி.

"கிளாக்கர் தம்பி," என்றேன், "துரைக்கு எழுதக்கொள்ள, வார வழியில கெட்டுப்போனதெண்டு எழுதுங்களேன். பெர்லின்காரன் கட்டினது தானே."

"ஏலாது லாபிர் நானா. திகதி போட்டுக் கையெழுத்தும் வைச்செல்லோ அனுப்பியிருக்கிறாங்கள். நான் என்ன, லண்டனுக்கு நீந்திப் போய் அழிச்சுப்போட்டு வாறதே?"

"முப்பது வருசம் தம்பி."

"அதைத்தான் நானும் சொல்லுறன். முப்பது வருசத்தில ஒரு பிழை. துரை என்ன, உங்களைத் தூக்கிலயே போடப்போறார்?" என்று சிரித்துவிட்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல பிள்ளை. ஒருநாளும் எனக்கு மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

பிறகு பெட்டி இலக்கங்களைப் பார்த்தெழுத அறையின் மூலைக்குப் போய்க் குந்தினார். அவருக்கு அன்று கடும் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. மருந்து ஊற்றுமுன் "ஆராச்சும் உள்ளுக்கு ஈக்கிறீங்களா?" என்று மூன்று தரம் கூப்பிடுவது என் வழக்கம். அன்று கூப்பிடவில்லை. ஊற்றினேன், வெளியே வந்தேன், கொண்டியைப் போட்டேன், பசை வாளியை எடுத்தேன்.

அன்று உதவிக்கு வந்திருந்த இராமையா முற்றத்தில் தும்பு கூட்டிக்கொண்டிருந்தான். துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "பாஸ், உள்ளுக்குள்ள யாரோ தட்டுறாங்க போல இருக்கே?"

"நான் செல்லித் தந்தேனே, மறந்திட்டியா? மரம் போடுற சத்தம்."

"அட ஆமா. நான் ஒரு மடையன், பேயின்னு பயந்துட்டேன்," என்று சிரித்தான். அவனில் குற்றமில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் நம்பினான். பசை காய்ச்சுகிற கோதுமை மா தீர்ந்துவிட்டதென்று அவனைக் கடைக்கு அனுப்பினேன்.

சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை. நாற்பத்தெட்டு மணித்தியாலமும் காத்திருந்தேன். குறைத்தால் மரத்தின் உள்ளே இருக்கிற முட்டை சாகாது. திறந்து, காற்றோட விட்டு, அவருடைய பையிலிருந்த கடிதத்தை எடுத்து ஈயம் உருக்குகிற அடுப்பில் போட்டேன். அதன் பிறகுதான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

நேற்று உங்களுடைய கொன்ஸ்தாபிள் அறிக்கையைத் தமிழில் வாசித்துக்காட்டினார். விபத்து என்று இருக்கிறது. நான் வீட்டுக்குப் போகலாமாம். நல்லது. ஆனால் கடைசி வரியில், "லாபிர் அவசரத்தில் உள்ளே ஆள் இருப்பதைப் பார்க்காமல் கதவைச் சாத்தியது அவரது கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு முழுக்க அந்த வரி என்னைப் படுக்கவிடவில்லை. அதற்காகத்தான் காலையிலேயே வந்தேன்.

தயவுசெய்து அதை வெட்டிவிட்டுச் சரியாக எழுதுங்கள், ஐயா. நான் பார்த்தேன். பெரிய பெட்டிக்குப் பின்னால் அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகைப் பார்த்த பிறகுதான் கொண்டியைப் போட்டேன். கதவின் கடைசிப் பக்கத்துக் கடதாசியை அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஒட்டினேன். கதவு அதிர்ந்தது, ஆனாலும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.