மாடி வீடு காலியில்லீங்க

காலி இல்லீங்க தம்பி. கீழ கடையில சொல்லலியா ஒங்களுக்கு? வாசல்ல தொங்கற வாடகை அட்டைய முதலாளி கழட்ட மறந்துட்டாரு, அவ்வளவுதான். சரி, ஹட்டன் மழ, ஒரேயடியா ஊத்துது, நனைஞ்சுகிட்டு எங்க போவீங்க. உள்ள வாங்க. கால்ல இருக்கற சப்பாத்தக் கழட்ட வேணாம். அய்யோ, அந்த நாற்காலி வேணாம், மேல ஒழுகும். இந்தா, சன்னலோரம் ஒக்காருங்க. கடவீதி பூராவும் தெரியும்.

கதவ எதுக்குத் தட்டுனீங்க? இல்ல, சும்மா கேட்டேன். நம்ம ஆளுங்க தட்ட மாட்டாங்க. படியேறயிலயே வடிவக்கான்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. யாராச்சும் தட்டுனா வெளி ஆளுன்னு அர்த்தம். ஆமா, என் பேரு சண்முகவடிவுதான். கீழ சாப்பாட்டுக் கடைக்கு இடியாப்பம் அவிச்சுக் குடுக்கறேன். போன வாரம் அந்தக் கடையில பரிமாறுற அழகன ரெண்டு பேரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடுதாசி இல்லாம கடல் தாண்டி வந்த கள்ளத்தோணிங்களப் புடிக்கிறாங்களாம். எலையில சோறு போட்டுகிட்டு நின்ன மனுசன், கையக் கழுவக்கூட விடல. வந்தவங்களும் ஒங்கள மாதிரிதான், நல்ல கால்சட்ட, நல்ல பேச்சு. அதச் சொல்ல வந்தேன், வேற ஒண்ணுமில்ல.

ஒங்களுக்குப் பழைய வீடுன்னா ஆசயா. ம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட புதுசா சிமெந்துத் தரை போட்டு வீடு கட்டி வச்சிருக்காங்க. ஒழுகாது, குளுராது. அத விட்டுட்டு கிளாக்கர் வேலைக்கு வந்த வயசுப் பிள்ள இத எதுக்குத் தேடி வருதுன்னு யோசிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. பாம்புன்னு தாண்டவும் முடியல, பழுதுன்னு மிதிக்கவும் முடியலன்னு சொல்லுவாங்களே, அப்புடி இருக்கு ஒங்களப் பாத்தா.

பாருங்க, நல்லா பாருங்க. பாக்கறதுக்குக் காசா பணமா. வெள்ளக்காரன் இருக்கயில, சுத்துவட்டாரத் தேயிலத் தோட்டத்துத் தொரமாரு டவுனுக்கு வந்தா தங்குறதுக்குக் கட்டுன மாடி இது. அவங்க கப்பலேறுனதும் முதலாளி வாங்கி, நடுவுல பலக அடிச்சு மூணு குடும்பத்துக்கு விட்டுட்டாரு. அந்தா சுவத்துல குழி தெரியுதா, அதுல வெறகு போட்டுத்தான் தொரமாரு குளிர் காஞ்சாங்களாம். எனக்கு அதுல ரெண்டு இடியாப்பச் சட்டி நிக்கும். உள்ளாற வெள்ளத் தொட்டி ஒண்ணு கெடக்கு, தொரசாணி படுத்துக் குளிக்கறதுக்கு. நா அதுல அரிசி ஊற வைக்கிறேன். சிரிக்காதீங்க, ஒரு மூட்ட தாங்கும்.

நல்ல வீடுதான் தம்பி, பொய் சொல்லக் கூடாது. தோட்டத்துல மாதிரி தண்ணிக்குப் பீலிக்கரைக்கு ஓட வேணாம், கொழாயத் தொறந்தாப் போதும். விடிகாலையில வேலைக்கு ஆளெண்ணுற பெரட்டுக்கு வாங்கன்னு தப்பு அடிக்க மாட்டான், கங்காணி வாசல்ல நின்னு கத்த மாட்டான். வந்த புதுசுல விடியறதுக்கு முன்ன எழும்பி ஒக்காந்துகிட்டு, எவனும் கூப்புடலியேன்னு முழிச்சுகிட்டு இருப்பேன். கொழுந்துக் கூடையத் தேடுன நாளும் உண்டு.

என்ன சத்தமா? பலகத் தரை தம்பி. ஈரம் ஏறுனா தானா கத்தும். இல்லாட்டி எலியா இருக்கும். நா நடந்தாலும் கத்தும், பாருங்க, இந்தா நடக்கிறேன். கேக்குதா? என்னால ஒரு எடத்துல நின்னு பேச முடியாது, அப்புடி இப்புடி நடந்துகிட்டேதான் பேசுவேன்.

அந்த சாக்குத் திரைக்குப் பின்னாலயா? மாவு மூட்டைங்க. தூக்காதீங்க, ஒங்க வெள்ளச் சட்ட பூரா மாவாயிரும். ஒக்காருங்க தம்பி, தேத்தண்ணி ஊத்துறேன். கேத்தல் கொதிச்சிருச்சு. ரெண்டு கோப்பையிலயும் சீனி போட்டு வச்சிருக்கா? நல்லாத்தான் பாக்குறீங்க. நா ரெண்டு கோப்ப குடிப்பேன், குளுருக்கு. கொடியில காயுற ஆம்பள சாரமா? அது மாவு சலிக்கயில சேலைக்கு மேல நா சுத்திக்கிறது. இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா? அய்யய்யோ, சிந்திருச்சு. சுட்டுருச்சா? இருங்க, தொடச்சு விடுறேன். கேத்தல் கனம்.

எந்தத் தோட்டத்துல பொறந்ததா சொன்னீங்க? லோக்மூரா! அட, நாங்களும் அங்கதான். மேல்பக்கத்து மேக்கணக்கா, கீழ்ப்பக்கத்து கீக்கணக்கா? மேக்கணக்கு. சரி சரி. நா கீக்கணக்கு, அதான் ஒங்களப் பாத்த ஞாபகமே இல்ல.

வீட்டுக்காரரா? அவரு இல்ல. மாமனாரு செத்ததும் மாமியா மட்டும் இந்தியாவுல முசிறிப் பக்கம் சொந்த பந்தத்தோட போயி இருந்துச்சு. அதும் செத்துப்போச்சுன்னு தந்தி வந்து இவரு போனாரு. போனவரு போனவருதான். அவரு பேரா? நல்லா இருக்கே. கட்டுன பொண்டாட்டி புருசன் பேர வாயால சொல்லுவாளா? கோயில்ல அர்ச்சனைக்கே பக்கத்துல நிக்கறவள விட்டுத்தான் சொல்லச் சொல்லுவேன். தோட்டத்துல பொறந்த பிள்ளைக்கு இது தெரியாதா? வீடு பாக்க வந்தவருக்கு எதுக்கு எம் புருசன் பேரு?

எழும்பாதீங்க, மழ இன்னும் விடல. பாதித் தேத்தண்ணியில எழும்பிப் போனா அந்த வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்களோ இல்லியோ, நா சொல்றேன். சத்த நேரம் ஒக்காருங்க.

அந்தா ஊதுது, கேக்குதா. ஒரு ரயிலு போகுது. இருங்க, இருங்க, பேசாதீங்க. ம், அடுத்ததும் ஊதிருச்சு. ரெண்டும் போயிருச்சு.

இப்ப நானும் ஒக்காந்துக்கிறேன். இனி நடந்து சத்தம் காட்ட வேண்டிய அவசியமில்ல. இனி ஒங்களத் தம்பின்னு கூப்புட்டா மரியாதயா இருக்காது, ஐயான்னே கூப்புடுறேன்.

ஐயா, வீடு பாக்க வர்றவங்க மொதல்ல தண்ணி எங்கேன்னு கேப்பாங்க. அப்புறம் கக்கூஸ் எத்தன வீட்டுக்குப் பொதுன்னு கேப்பாங்க. நீங்க வாசப்படியில நின்னுகிட்டே, உள்ள எத்தன பேரு இருக்கீங்கன்னு கேட்டீங்க. அதக்கூட விட்டுர்றேன். லோக்மூருன்னு சொன்னீங்க பாருங்க, அது தொரையும் கிளாக்கரும் தபால்காரரும் சொல்ற பேரு. அங்க பொறந்த பிள்ள எங்க போனாலும் கல்லுப்பாலம்னுதான் சொல்லும். அந்தத் தோட்டத்துக்கு எங்க வாயில வேற பேரே கெடயாது. யாரோ சொல்லிக் குடுத்தத அப்புடியே வந்து ஒப்பிச்சிட்டீங்க. எங்க வீட்டுக்காரரு பேரையும் சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க, என்னயக் கேக்கணும்னு இல்ல.

ஆமா, அவரு வந்துட்டாரு. ஆத்தாளுக்குக் காரியம் முடிச்சிட்டுத் திரும்பி வரப் பாத்தா, குடியுரிமக் கடுதாசி இல்லாதவன் கப்பல்ல ஏறக் கூடாதுன்னுட்டாங்க. பொண்டாட்டி இங்க, அவரு அங்க. என்ன செய்வாரு? மன்னார்ப் பக்கமா தோணியில வந்து எறங்குனாரு. கல்லுப்பாலத்துல பொறந்து, அங்கயே தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, அப்பன அந்த மண்ணுலயே பொதச்ச மனுசன். சொந்த வீட்டுக்கு வந்தவருக்கு, ஆளு புடிக்க வர்ற நீங்க வச்ச பேரு கள்ளத்தோணி. அதக் கேக்கயில எனக்கு வயிறு எரியுது ஐயா. பயமும் இருக்கு, இல்லேங்கல. ஆனா எரிச்சல்தான் கூட.

அப்ப தோட்டத்துலயே இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. லயத்துல வரிசையா கட்டுன ஒத்த அறைக் காம்பராவுக்கு ஒரே வாசலுங்க. முதுகோட முதுகு ஒட்டிக் கட்டியிருப்பான், சுவத்துக்கு அந்தாண்ட அடுத்த வீட்டு அடுப்பு. முன்னால ஆளு வந்து நின்னுட்டா உள்ள இருக்கறவன் கையக் கட்டிகிட்டு வெளிய வர வேண்டியதுதான். அதனாலதான் டவுனுக்கு வந்தேன். இந்த வீட்டப் பாக்கயில முதலாளி சன்னலக் காட்டுனாரு, தொட்டியக் காட்டுனாரு. நா ஒண்ணையும் சரியாப் பாக்கல. வேலக்காரங்க ஏறி எறங்கறது தொரமாரு கண்ணுல படக் கூடாதுன்னு பின்னால தனியா ஒரு படி வச்சிருக்கான் வெள்ளக்காரன். குறுகலா, இருட்டா, நேரா ஸ்டேசன் ரோட்டுல கொண்டு போயி விடும். அதப் பாத்ததும் இந்த வீடுதான்னு சொல்லிட்டேன். பழைய வீட்டு மேல ஒங்களுக்கு மட்டுமா ஆச?

இப்ப வேணா அந்தச் சாக்கத் தூக்கிப் பாருங்க. மாவு மூட்ட ஒண்ணும் கெடயாது, அவரு இருந்த காம்பராவும் அந்தப் படியும்தான். எந்த ரயில்ல போனாருன்னு என்னயக் கேட்டுப் பிரயோசனமில்ல. மல ஏறுற ரயிலும் எறங்குற ரயிலும் இந்த நேரத்துக்கு இங்கதான் மாறிக்கும். எதுல ஏறுனாலும் எங்கிட்ட சொல்லாதீங்கன்னு அன்னைக்கே அவருகிட்ட சொல்லி வச்சிட்டேன். தெரிஞ்சா நா சொல்லிருவேன் ஐயா, அதட்டுனாத் தாங்க மாட்டேன்.

குடிங்க, ஆறிறப் போகுது. கேத்தல் வச்சது அவருதான். ரெண்டு கோப்பையிலயும் சீனி போட்டு வச்சிட்டு, கொதிக்கட்டும்னு நின்னுகிட்டு இருந்தாரு. நீங்க தட்டுனீங்க.

அப்புறம், வீடு கேட்டு வந்தீங்களே. முதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன். ஒத்த ஆளுக்கு இம்புட்டு எடம் எதுக்கு. அந்தப் பின்பக்க காம்பரா இப்ப காலியாத்தான் இருக்கு.