திரை விலக்கிய பிறகு

அண்டத்தின் எடையை எட்ட இருந்தே அளந்து சொன்ன பெருந்தகையே! ஒளி வளைவதைப் பார்த்துப் பார்த்தே முப்பது ஆண்டுகளைக் கழித்து, தாம் மட்டும் வளையாமல் நின்ற தலைமை ஆய்வாளரே! எங்கள் எல்லோருக்கும் அக்காவானவரே, வணக்கம்.

'வளையாமல் நின்ற' என்று வாசித்ததும் நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினோம். ஏன் குனிகிறீர்கள் என்பதை, இந்த வழியனுப்பு விழாவுக்கு வந்திருக்கும் உங்கள் வீட்டாருக்கும் சொல்லிவிடுவதுதான் முறை.

பொருள் இருக்குமிடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன என்பது பொதுச் சார்பியல். நூறாண்டுக்கு மேலாக, வைத்த தேர்விலெல்லாம் அது தேறியிருக்கிறது. கோள்களின் பாதை, வளையும் ஒளி, கருந்துளைகள் மோதும்போது எழும் அதிர்வு, எல்லாம் அதன் பக்கம். ஆனாலும் அண்டம் முழுவதற்கும் அதைப் பொருத்தும்போது, இன்னதென்று யாரும் அறியாத இருள்பொருளையும் இருளாற்றலையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது. அண்டம் விரியும் வேகத்தை இரண்டு வழியில் அளந்தால் இரண்டு விடை வருகிறது. குறை கோட்பாட்டிலா, அளப்பவரிடமா என்பதுதான் அக்கா வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விடையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் ஆசை கண்ணை மறைக்கும் என்று, வெளியார் ஒருவர் தரவுக்குள் ரகசியமாக ஓர் எண்ணைக் கலந்துவிடுவார். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே அதை நீக்குவோம். திரை விலக்குவது என்று அதற்குப் பெயர். விலக்கிய பிறகு எதிலாவது கை வைத்தால், ஏன் வைத்தோம் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவரே அக்காதான்.

போன ஆண்டு திரை விலக்கினோம். ஒளி வளைவதால் விண்மீன் திரள்களின் வடிவம் கோணித் தெரிவதை வைத்து நாங்கள் கணக்கிட்ட, அண்டத்தில் பொருள் திரண்டிருக்கும் அளவு, கோட்பாடு சொன்னதைவிடக் குறைவாக வந்தது. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"நூறு வருஷமா யாரும் அசைக்காததை நாமளா அசைக்கப்போறோம்? எங்கேயோ கோட்டை விட்டிருக்கோம்," என்றார் ஆய்வக இயக்குநர்.

மாதக்கணக்கில் தேடினோம். தொலைநோக்கியின் மங்கலால் விண்மீன் திரள்களின் வடிவம் மாறித் தெரிந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தியதும், எண் நகர்ந்து கோட்பாட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினோம். முதலில் தட்டியவர் அக்கா. ஓய்வுக்கு முன் பெரிய மாநாடு ஒன்றில் அதை அறிவிக்க அவருக்கு அழைப்பும் வந்தது.

கட்டுரையை எழுத உட்கார்ந்தவர், 'பிழை தேடுவதை இத்துடன் நிறுத்தினோம், ஏனெனில்' என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் நகர முடியாமல் இருந்தார். விடை பிடித்துப்போயிற்று என்பதைத் தவிர வேறு காரணமே கிடைக்கவில்லை. திருடிப் பிடிபட்டவரைப்போல் அவருக்குக் காதெல்லாம் சுட்டதாம்.

மறுநாள் எங்களைக் கூட்டினார். "பிடிக்காத விடைக்கு அவ்வளவு தேடினோம். பிடிச்ச விடைக்கு ஒருநாள்கூடத் தேடல. இன்னொரு தடவை பாத்துடலாம். எனக்கு வெட்கமா இருக்குப்பா."

நாங்கள் என்ன சொன்னோம்? "விடுங்கக்கா, மாநாடு முடியட்டும். போற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றோம். "அக்காவுக்கு வழியனுப்பு விழாவையே இன்னொரு தடவை வைக்கணும்போல," என்று ஒருவர் கிண்டலடிக்க, எல்லோரும் சிரித்தோம்.

"கிண்டல் பண்ணுங்க. தேடிக்கிட்டே பண்ணுங்க," என்றார்.

மாநாட்டுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு அவர் தேடத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் நாங்களும். விண்மீன் திரள்களின் தொலைவுக் கணக்கில் இன்னொரு பிழை கிடைத்தது. அது எண்ணை எதிர்ப்பக்கம் இழுத்தது. இப்போது அது, முதலில் வந்ததற்கும் கோட்பாடு சொன்னதற்கும் நடுவில் நிற்கிறது. எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற ஐயமும் கூடிவிட்டது. கோட்பாடு தேறியதா, இல்லையா என்று இந்த அளவீடு சொல்லாது. அக்காவின் கடைசிக் கட்டுரை, 'எங்களால் சொல்ல முடியவில்லை' என்றே வெளிவந்தது. எந்தப் பிழையை, எந்த விடையைப் பார்த்த பிறகு தேடினோம் என்பதும் அதில் இருக்கிறது. செய்தித்தாள் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்கா, வாய்மையின் வடிவமே என்று உங்களைப் புகழ எங்களுக்குத் தகுதி போதாது. வெட்கப்பட வேண்டிய அன்று நீங்கள் வெட்கப்பட்டீர்கள். நாங்கள் இப்போதுதான் படுகிறோம். கட்டுரையில் உங்கள் பெயருக்குப் பின்னால் எங்கள் பெயர்களும் வரிசையாக நிற்பதைக் காணும்போதெல்லாம் கண் தாழ்ந்துபோகிறது.

புதிய தொலைநோக்கியின் தரவு வரச் சில ஆண்டுகள் ஆகும். கண்ணும் காலும் நலமாயிருந்து, வீட்டாரோடு ஆசை தீர ஊர் சுற்றி, அந்த நாளையும் நீங்கள் பார்க்க வேண்டும். அன்று விடை கோட்பாட்டோடு ஒத்துப்போனால் எங்களை உடனே நம்பிவிடாதீர்கள். நேராக ஆய்வகத்துக்கு வந்து, அதற்குப் பிறகு என்ன தேடினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர்களாக இருக்க முயல்கிறோம்.

இப்படிக்கு,
அன்றைக்குச் சிரித்த உங்கள் குழுவினர்