கவ்வாத்துக்கு டிரம் அடிச்சவன்

சாயந்தரம் ஆறரை இருக்கும். மழை விட்டு மூட்டம் எறங்குற நேரம்... ஹட்டன்ல இருந்து மேல ஏறுற தோட்டத்து ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. மதுரன் தனியா த்ரீவீல் ஓட்டிக்கிட்டு வர்றான்.

மதுரன் யாருன்னா, நம்ம சுதாகரனோட அக்கா புருஷன். சுதாகரனே என்கிட்ட சொன்னதுதான் இது. அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க... குளிருது.

'கவ்வாத்து'ன்னு ஒரு ராக் பேண்ட் இருந்துச்சே. தேயிலைச் செடியை ஒட்ட வெட்டுறோம்ல, அந்தப் பேருதான். ஜீவராஜ் பாட்டும் கிட்டாரும். அழகன் பேஸ் கிட்டார். டிரம் இந்த மதுரன். அவங்களுக்கு யாரு மண்டபம் குடுப்பா? மூடிப்போன தேயிலை ஸ்டோருக்குள்ளதான் வாசிப்பாங்க. போன்ல சேதி போகும், ஆளுங்க மலைக்குள்ள நடந்தே வருவாங்க. ஒழுகுற லயத்து வீட்டை, மலையில அட்டை கடிக்கிறதை, தொண்டை கிழியப் பாடுவான் ஜீவராஜ்.

ரெண்டு வருஷம்கூட ஓடல. ஒரு மழையில லயத்து மேல மண்மேடு சரிஞ்சுச்சு... ஜீவராஜ் உள்ள.

அழகன் கத்தாருக்குப் போயிட்டான். மதுரன் டிரம்மை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு த்ரீவீல் ஓட்ட வந்துட்டான். பாட்டு மட்டும் நிக்கல. போனுக்குப் போன் பரவுச்சு. நானுஓயா வரைக்கும் செவத்துல பேரை எழுதினாங்க. சம்பளப் போராட்டத்துல பொம்பளைங்க அதைத்தான் பாடினாங்க. தோட்டத்துக்குத் தோட்டம் புதுசு புதுசா பேண்ட். "நீங்கதானே அந்த மதுரன்?"னு யாராவது கேட்டா, "இல்லப்பா, வேற ஆளு"ம்பான். அலுத்துப் போச்சு அவனுக்கு.

அன்னைக்கு அந்த ஸ்டோரைத் தாண்டுறப்ப...

டும். டும்-டக்.

எஞ்சினை அமத்தினான். அவங்க பாட்டு. அவன் அடிக்கிற மாதிரியே அடி.

உள்ள போனான். நனைஞ்ச தகரம், பழைய தேயிலைத் தூளு, ரெண்டும் கலந்த வாடை. போன் வெளிச்சத்துல நாலஞ்சு எளசுங்க. நடுவுல நின்னு பாடினது வினோதான்னு பக்கத்துத் தோட்டத்துப் புள்ள. இவனைப் பாத்ததும் எல்லாம் நின்னுருச்சு. டிரம்முக்குப் பின்னால ஆளில்ல... பித்தளைத் தட்டு மட்டும் இன்னும் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"யாரு சொல்லிக்குடுத்தா உங்களுக்கு?"

"ஜீவாண்ணே."

இவனுக்குக் கோவம். "அவன் செத்துப் போயிட்டான்."

"தெரியும்ண்ணே."  அந்தப் புள்ள மெதுவா கேட்டுச்சு. "நீங்களும்தானே?"

"என்ன?"

"நீங்களும் அவரோடதானே வர்றீங்க... தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடிப்பீங்க. ஒருநாளும் பேசினதில்ல. இன்னைக்குத்தான் பேசுறீங்க."

எப்படி வீடு வந்து சேந்தான்னு அவனுக்கே தெரியாது. பொண்டாட்டி கையைத் தொட்டுப் பாத்தா. சூடாத்தான் இருந்துச்சு. சோறு போட்டா, சாப்பிட்டான்.

"பசங்க வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க மச்சான்"னு சேதி கேட்டு வந்த சுதாகரன் சொல்லியிருக்கான்.

"இல்லடா. தூங்கி எந்திரிச்சாலும் அலுப்பா இருக்குடா. வருஷக்கணக்கா இப்படித்தான்."

அன்னைக்கு ராத்திரி சுதாகரன் தன் வீட்டுக்குப் போகல. கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, கட்டில் பக்கத்துலயே முழிச்சு உக்காந்திருந்தான். மதுரன் போர்வைக்குள்ள. பொரளக்கூட இல்ல. மூச்சு மட்டும் ஒரே சீரா...

தூரத்துல, மலைக்கு அந்தப் பக்கம்... டும். டும்-டக்.

விடியிற வரைக்கும் கேட்டுச்சாம்.

வெளிச்சம் வந்ததும் போர்வையை வெலக்கிப் பாத்திருக்கான். மதுரன் நல்லாத் தூங்குறான். ரெண்டு உள்ளங்கையும் மேல விரிஞ்சு கெடக்கு. வெரலுக்கு அடியில எல்லாம் கொப்புளம்... புதுசு. ஒன்னு அப்பத்தான் ஒடஞ்சு, தண்ணி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.